மூச்சை அழித்த பாட்டு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி வால்கள் இரண்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம், அதற்குமேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். எனக்கு நம்பர் போட்டுத் தருவது உன் அண்ணன், ஸ்பீக்கரில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிப்பதும் உன் அண்ணன், அவனைப் பற்றி அவன் முன்னாலேயே எப்படிச் சொல்வேன். அதனால்தான் ஐந்தாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் பட்டறைக்குப் போயிருக்கிறான், உன் அண்ணி கடைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். பிழை பார்க்காதே, விஷயத்தைப் பார். படித்துவிட்டுப் பதறாதே என்று எழுத வந்தேன், வேண்டாம், கொஞ்சம் பதறு, எனக்குத் துணைக்கு இன்னொரு ஆளும் பதறட்டும்.

நீ அனுப்பிய சிவப்புப் பெட்டி வந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயராம், எனக்கு அது சிவப்புப் பெட்டிதான். மைக்கின் வயர் முன்பக்கம் போகிறது, யூஎஸ்பி வயர் பின்பக்கத்திலிருந்து லேப்டாப்புக்குப் போகிறது, மைக் கேட்டதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. முதல் நாள் அவன் தொண்டை கிழியப் பாடியும் ஒரு சத்தமும் பதியவில்லை, கடைசியில் பார்த்தால் நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிற பொத்தானை அமுக்கவில்லை, அதை அமுக்கினால்தான் அந்த மைக்குக்கு உயிர் வருமாம். இரண்டாம் நாள் சத்தம் வந்தது, ஆனால் பாடினவன் குரல் பக்கத்துத் தெருவில் கேட்டது, லேப்டாப் பக்கத்தில் நான் வெங்காயம் உரித்த சத்தம் கூரை இடிகிற மாதிரி கேட்டது. லேப்டாப் அந்தச் சிவப்புப் பெட்டியை மதிக்காமல் தன் சொந்த மைக்கிலேயே கேட்டிருக்கிறது. உன் அண்ணன் அதை மாற்றி வைத்துவிட்டு, யம்மா உன் வெங்காயத்தையும் சேர்த்தே நாடகக்காரங்களுக்கு அனுப்பிடுவோமா, அழுகைப் பாட்டுக்குப் பொருத்தமா இருக்கும் என்று சிரித்தான். நாடகக்குழு ஒன்று அவனிடம் நான்கு பாட்டுக் கேட்டிருப்பது உனக்குத் தெரியும், மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக ஒருத்தர் அவனைக் கூப்பிட்டு நீ பாடு என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் முகத்தை நீ பார்க்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையில் பெயின்ட் வாடையோடு நேரே மைக்கிடம் போய் நிற்கிறான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் வாயிலிருந்து இந்த வார்த்தை எப்படி வரும் என்றுதான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சொல்கிறேன். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று யாரோ சொல்லி, மைக்கை எங்கள் துணி அலமாரிக்குள் என் புடவைகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டான். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவான், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி இருக்கும். வெளியே கூடத்து மேசையில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் குமிழைக் கொஞ்சம் இடது பக்கம் திருக வேண்டும், இதுதான் என் உத்தியோகம். என்னை இஞ்சினியர் அம்மா என்று கூப்பிட்டான். ஹெட்போனில் கேட்பது வெறும் காதால் கேட்பது மாதிரி இல்லையடி, அவன் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, உதடு பிரிகிறது கேட்கிறது, எச்சில் விழுங்குவது கேட்கிறது. நான்காவது நாள், முதல் பாட்டில் இரண்டாவது வரி முடிந்து மூச்சு இழுத்தான், அந்த மூச்சின் வாலில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை. பேனா மூடியில் ஊதினால் வருமே, அப்படி. என் கை குமிழிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் நான்.

உன் அப்பாவைப் பட்டறைக்கு வந்து போகிற டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். செவ்வாய்க்கிழமை, அப்பா சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார், அதில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்தது. அந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, சட்டைக்கு மேலேயே குழாயை வைத்தார், இரண்டு இடம்தான் வைத்தார், சளிதாம்மா, வெந்நீர் குடுங்க போயிடும் என்றார். நானும் வெந்நீர் கொடுத்தேன். ஒன்பது மாதம் கொடுத்தேன். சாவுக்கு வந்த பட்டறை முதலாளி நான்கு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் எண்ணினேன். அவர் மகன்தான் இன்றைக்கு முதலாளி, அப்பா நின்ற அதே ஸ்பிரே அறையில்தான் உன் அண்ணன் கார் கதவுகளுக்கு நிறம் அடிக்கிறான், மாஸ்க் வியர்க்கிறது என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. அதட்டினால், யம்மா புது பெயின்ட்டெல்லாம் அந்தக் காலத்து மாதிரி இல்ல என்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருத்தரையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, அதை விடு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தம்பி உன் மூச்சுல ஏதோ சத்தம் கேக்குதுடா என்றேன். அவன் அதை மிஷினுக்கு எடுத்துக்கொண்டான். மூச்சுல இல்லம்மா, லைன்ல நாய்ஸ், கண்டுபிடிக்கிறேன் பாரு என்றான். அன்றிலிருந்து ஒரு வாரம் வீடு முழுக்கச் சத்த வேட்டை. ஃபேனை நிறுத்தினான், காற்றுச் சத்தம் போனது, சீழ்க்கை இருந்தது. ஃபிரிட்ஜை நிறுத்தினான், திரும்பப் போட மறந்து பால் திரிந்து உன் அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், சீழ்க்கை இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரீங்காரம் பட்டென்று நின்றது, பாத்தியா பாத்தியா என்று குதித்தான், நானும் ஒரு நிமிஷம் அப்பாடா என்று மூச்சுவிட்டேன், அடுத்த வரி முடிவில் அது வந்தது. வயரை மாற்றினான், லேப்டாப்பில் வேறு ஓட்டையில் சொருகினான், டியூப் லைட்டை அணைத்துவிட்டு இருட்டு அலமாரிக்குள் நின்று பாடினான். வீட்டில் ஒவ்வொரு சத்தமாகப் போகப்போக அது ஒன்றுதான் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஒரு சத்தம் போகும்போதெல்லாம் ஐயோ இதுவும் இல்லையா என்று இருந்தது.

அப்புறம் நானே ஒரு காரியம் செய்தேன். அவனை மேசையில் உட்காரவைத்துவிட்டு நான் போய் அலமாரிக்குள் நின்று ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினேன், நடுநடுவே மூச்சு இழுத்தேன். உன் அண்ணியையும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் அத்தை என்று முனகிக்கொண்டேதான் எண்ணினாள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் சொந்தக்காரர்கள் எதிரில் என்னை இதே வார்த்தை சொன்னாள், இந்தத் தடவை நான் திருப்பிச் சொல்லவில்லை. மூன்றாவதாக அவன். போட்டுக் கேட்டோம். என்னுடையது கிழவி மூச்சு, புஸ் புஸ் என்கிறது, அதில்கூட சீழ்க்கை இல்லை. அவள் மூச்சு சுத்தம். அதே மைக், அதே வயர், அதே புடவைகள், அவன் மூச்சில் மட்டும் இருந்தது. உன் அண்ணி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள், சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை. உன் அண்ணன் மட்டும், நான் கிட்ட நின்னு பாடுறேன், நீங்க தள்ளி நின்னு எண்ணுறீங்க, அதான் வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். டாக்டரிடம் போகலாமடா என்றேன். பாட்டு முடியட்டும், இப்ப விடும்மா என்றான்.

இரண்டு நாள் கழித்து, யம்மா நாய்ஸ் போயிடுச்சு, வந்து கேளு என்று கூப்பிட்டான். எப்படிப் போனது என்றால், கம்ப்யூட்டரில் ஒரு வித்தை இருக்கிறதாம், வேண்டாத சத்தத்தில் ஒரு துண்டைப் பிடித்து அதனிடம் காட்டிக் கொடுத்தால் அதே சாயலில் இருக்கிறதையெல்லாம் தேடித் தேடித் துடைத்துவிடுமாம். இவன் தன் மூச்சைக் காட்டிக் கொடுத்திருக்கிறான். சீழ்க்கை போய்விட்டது, அதோடு மூச்சும் போய்விட்டது. பாட்டு முழுக்க ஒரு இடத்தில்கூட அவன் மூச்சு விடவில்லை சின்னவளே. வரி முடிகிறது, ஒன்றுமே இல்லை, அடுத்த வரி வருகிறது. மூச்சு இல்லாத என் பிள்ளை என் காதில் பாடுகிறான். எப்படிம்மா என்று கேட்டான், நான் நல்லா இருக்குடா என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டேன். அதைத்தான் உனக்கும் அனுப்பினான். நீ போனில், அண்ணா சினிமாப் பாட்டு மாதிரி சுத்தமா இருக்கு என்று கத்தினாய். உன்மேல் தப்பு இல்லை, உனக்கு எப்படித் தெரியும்.

அவனுக்குத் தெரியாது என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு இடுக்கில் பார்த்தேன். திரையில் அவன் பாடின இடமெல்லாம் பெரிய பெரிய மேடாகத் தெரியும், மூச்சு விட்ட இடம் சின்னப் புழு மாதிரி தெரியும், அது எனக்கு இப்போது படிக்கத் தெரியும். அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேட்டையெல்லாம் தாண்டித் தாண்டி அந்தப் புழுவை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பக் கேட்டான். என்னைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, பசிக்குதும்மா என்றான். மாடிப்படி ஏறும்போது இரண்டாவது வளைவில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறான், வார் சரியாகத்தான் இருக்கிறது. ராத்திரி தலையணையை இரண்டாக்கியிருக்கிறான். உன் அப்பாவும் இப்படித்தான் ஒன்று ஒன்றாக மறைத்தார். அவர் போனபோது இவனுக்குப் பதினேழு, பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவன், அடுத்த திங்கட்கிழமை அப்பாவுடைய ஸ்பிரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான், நீ படிக்க வேண்டும் என்று. அதனால்தான் உன் பேச்சை மட்டும் கேட்பான். நீ ஊருக்குக் கிளம்பின அன்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாய், அதை நான் மறக்கவில்லை, ஆனால் அவன் மறந்துவிட்டான்.

இங்கே நிறுத்திவிட்டு மீதி நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன், உன் அண்ணி இன்றைக்குப் பார்த்துக் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். நான் மறைப்பதற்குள் கடிதத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கிழித்துப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். தன்னைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தைப் படித்தும் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முடித்துவிட்டு, நான் சொன்னா சண்டை ஆகுது, நீங்க சொன்னா அழுகை ஆகுது, தங்கச்சி சொன்னாதான் அத்தை அவரு கேப்பாரு என்றாள். அப்படியானால் நீயே போனில் சொல்லேன்டி என்றேன். தங்கச்சிகிட்ட வாய் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, உங்ககிட்ட வாங்க மறந்துட்டாரு என்றாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து ஏதோ தேடி ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து கடிதத்துக்குள் வைத்தாள். நான் வாய் திறக்கலை, பாத்துக்குங்க என்றாள். நெஞ்சு டாக்டர் ஒருத்தரிடம் அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறாளாம், பத்து நாளாக எனக்கே சொல்லவில்லை கள்ளி. இதை அவள் கடை வழியாகக் கூரியரில் போடுகிறாள், ஐந்து நாளில் உன் கைக்கு வருமாம்.

அந்த டிரைவில் பாட்டு இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கேள். கேட்ட கையோடு போன் பண்ணாதே, முகம் கழுவிவிட்டுப் பண்ணு, குரல் உடைந்தால் அவன் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவான், வந்த வேலை கெட்டுவிடும். முதலில் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லு, அது பொய் இல்லை, நன்றாகத்தான் பாடுகிறான். அப்புறம் வியாழக்கிழமை போகிறாயா இல்லையா என்று கேள். சட்டையைக் கழற்றிவிட்டுக் காட்டச் சொல்லு, மறந்துவிடாதே, சட்டையைக் கழற்றிவிட்டு. நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் நீண்டு நிறைந்து இருங்கள், மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. டிரைவில் மூன்று பேர் மூச்சு இருக்கிறது. முதலாவது நான், இரண்டாவது உன் அண்ணி. மூன்றாவதை நான் சொல்ல வேண்டியதில்லை, பத்து வயது வரை உன் அப்பா நெஞ்சில் காதை வைத்துத்தான் நீ தூங்கினாய், உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
உன் போனுக்காகப் பயந்துகொண்டு காத்திருக்கும்
அம்மா