துண்டுக்குள் கொடுத்த வாக்கு

அக்கா,

பெரிய டீச்சரின் அறையிலிருந்து மல்கோவா வாசனை வருகிறது. மாங்காய் மண்டி முதலாளி காலையில் அனுப்பிய கூடை அது. மேலே மூடிய வைக்கோலைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அறைக்கு வெளியே பெஞ்சில் என்னை உட்காரவைத்து, ஒரு முழுத்தாளும் மைக்கூடும் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை சாப்பிடப் போகக்கூடாது. பேனாவை எடுத்தால் உனக்குத்தான் எழுத வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் வீட்டுக்கு அடுத்திருந்த உன் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு கூடை வந்தது.

நீ பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்த வருஷம் அது. நான் அப்போது நான்காம் பாரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பந்தல் போட்டு உனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். முதலாளிதான் தலைமை. அவருக்கு வாழ்த்து மடல் எழுதியவளும் நான், வாசித்தவளும் நான். வள்ளல், வாரி வழங்கும் கை, கல்விக்குக் கிடைத்த கற்பகம் என்று படித்த புத்தகங்களில் இருந்ததையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். மேடை ஏறுமுன் நீ என் கையைக் கிள்ளினாய். "முணுமுணுன்னு வாசிக்காதடி. கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

முதலாளி எழுந்து, "இந்தப் பொண்ணு பெங்களூருக்குப் போயி பி.ஏ. முடிக்கிற வரைக்கும் என் செலவு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கீழே இறங்கி வந்து, தோளில் இருந்த துண்டை உன் அப்பாவின் கைமேல் போட்டு, உள்ளே விரல்களை இறுகப் பிடித்தார். "மேடையில சொன்னது ஊருக்கு. இது உனக்குப்பா" என்றார்.

உன் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் அவர் வாழ்க்கை முழுதும் துண்டுக்குள்தான் நடந்தது. வாங்குபவர் கன்னடக்காரரோ தெலுங்குக்காரரோ, யார் காதிலும் விழாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடித்தால் முடிந்ததுதான். அன்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் பெரிய டீச்சர் உன்னையும் அவரையும் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். நான் உன் ஓரத்தில் நின்றிருந்தேன். "எதுக்கும் கவர்மெண்டு உதவிப் பணத்துக்கும் எழுதிப் போட்டு வெச்சிடலாங்க. இங்க ஒரு கையெழுத்து."

வேறு எங்கிருந்தும் உதவி வரவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. உன் அப்பா சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள கை குடுத்தப்புறம் இன்னொரு எடத்துல போயி வெல கேக்கறது எங்க தொழில்ல இல்லீங்கம்மா. அப்படிச் செஞ்சா நாளைக்கி எவன் எங்கிட்ட கை நீட்டுவான்?"

நீ அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "போடுங்கப்பா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா. கடைசி நாள் கடந்துபோனது. படிவம் பெரிய டீச்சரின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

பெங்களூரிலிருந்து கல்லூரியில் சேரச்சொல்லிக் கார்டு வந்ததும் மூன்று பேரும் மண்டிக்குப் போனோம். வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் மாங்காய்க் குவியல். அதன் நடுவில் நின்றுகொண்டு முதலாளி சொன்னார்: "இந்த வருசம் மாங்கா கையக் கடிச்சிருச்சுப்பா. அடுத்த வருசம் பாக்கலாம்."

"துண்டுக்குள்ள கை குடுத்தீங்களே சாமி."

"அட, இது என்ன மாட்டு யாவாரமா? பொட்டப்புள்ள படிப்புப்பா!"

கணக்குப்பிள்ளை சிரித்தான். "பி.ஏ. படிச்சிட்டு வந்து எங்க மண்டியில மாங்கா எண்ணப்போவுதா?"

அதே மூச்சில் முதலாளி ஓர் ஆந்திர வியாபாரியின் கைமேல் துண்டைப் போட்டு ஒரு வண்டி மாங்காய்க்கு விலை முடித்தார். அந்த விலை மாறியிருக்காது. மாங்காய்க்குக் கொடுத்த வாக்கை மீறினால் மறுநாள் மண்டியில் உட்கார முடியாது. உனக்குக் கொடுத்ததை மீறினால் யார் கேட்பார்கள்?

மறுநாள் கூடை வந்தது. நீ தொடவில்லை. நான் ஒன்று தின்றேன். இனிப்பாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கின்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

தை மாதம் உன்னை வேப்பனப்பள்ளியில் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது, "பரவால்லடி, நீ படி" என்றாய். எது பரவாயில்லை? அடுத்த தைக்குள், பிரசவ வலியோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே, மாட்டு வண்டியில் நீயும் போனாய், பிள்ளையும் போனது. விதி என்றார்கள். விதியா மேடை ஏறி வாக்குக் கொடுத்தது?

உன் அப்பா இப்போது துண்டு போடுவதில்லை. சந்தையில் விலையை உரக்கச் சொல்கிறார். மற்றத் தரகர்கள், "ஏம்ப்பா, ஒரு தமுக்கும் வாங்கிக்கோ!" என்று கேலி செய்கிறார்கள். "நாலு பேரு காதுல உழாத பேச்சு இனிமே எனக்கு வேண்டாம்ப்பா" என்கிறார். பாதிப்பேர் அவரிடம் வருவதே இல்லை.

இந்த வருஷம் முதலாவதாக வந்தவள் ஜைத்தூன். அவள் அத்தா தெருத்தெருவாக வளையல் விற்கிறவர். மறுபடியும் பந்தல், மறுபடியும் அதே முதலாளி, வாழ்த்து மடலுக்கு மறுபடியும் நான். உடனே சரி என்றேன். அன்று மாலையே உதவிப் பணப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜைத்தூன் வீட்டுக்குப் போனேன்.

"பெரிய மனுசரு கோச்சுக்குவாரே பாப்பா" என்று அவள் அத்தா தயங்கினார். உன் கதையைச் சொன்னேன். வளையல் பெட்டியின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரிய டீச்சர் கேள்வி கேட்காமல் முத்திரை வைத்தார். விழாவுக்கு முன்னாலேயே நானே தபாலில் சேர்த்தேன்.

நேற்று விழா. வள்ளல், கற்பகம் எல்லாவற்றையும் வாசித்தேன். முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு புதிதாக எழுதிய பகுதிக்கு வந்தேன். "இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் தாங்கள் பி.ஏ. வரை படிக்கவைப்பதாக வாக்களித்த மாணவி" என்று சொல்லி, உன் பெயரை அப்பா பெயரோடு முழுதாகச் சொன்னேன். "அவர் கல்லூரி வாசலை மிதிக்காமலே இறந்துபோனார். ஆகவே இம்முறை வாக்குக்குப் பதிலாக, ஜைத்தூனின் கட்டணத்தையே, எல்லோரும் பார்க்க, தாங்கள் இந்த மேசைமேல் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

ஒருவரும் கைதட்டவில்லை. கடைசி பெஞ்சில் உன் அப்பா எழுந்து நின்றார். "இன்னொருக்கா வாசி பாப்பா. பேர இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். முதலாளி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இன்று கூடையோடு சேதி வந்திருக்கிறது. சின்னப்பெண் தெரியாமல் பேசிவிட்டாள், மன்னிப்பு எழுதிக்கொடுத்தால் போதும், ஜைத்தூன் படிப்பை அவர் பார்த்துக்கொள்வாராம். "ஒன் வீம்புக்கு அந்தப் புள்ள படிப்பக் கெடுக்காத" என்கிறார் பெரிய டீச்சர். சற்று முன் ஜைத்தூன் தூண் மறைவில் வந்து நின்றாள். "எழுதிக் குடுத்துடுடி" என்றாள். "எனக்குப் போவணும்டி." கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கும் அப்படித்தானே போகவேண்டும் என்று இருந்திருக்கும்? நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படிவத்துக்கு என்ன பதில் வரும் என்று தெரியாது. வராமலே போகலாம். அதனால் மன்னிப்பு எழுதத்தான் போகிறேன், அக்கா. இந்தத் தாள் உன்னால் நிரம்பிவிட்டது. உள்ளே போய் இன்னொன்று கேட்பேன். அதில் எழுதப்போவது இவ்வளவுதான்:

'ஜைத்தூனின் பெயரில் கல்லூரியிலிருந்து கட்டண ரசீது வந்த அன்றே, அதே மேடையில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கேட்கிறேன்.'