ஜாடியில் போட்ட கோடு

டிசம்பர் 2, செவ்வாய்

ஊறப்போட்டாச்சு. கொல்லையில் பறித்த புதினா, துளசி, எலுமிச்சைப்புல், தட்டின இஞ்சி. நிறத்துக்கு ஒரு கிலோ பன்னீர் திராட்சை. சர்க்கரையும் ஈஸ்டும் குமுளிச் சம்பந்தியம்மா லிசி சேச்சி போனில் சொன்ன அளவு. மக ஷெரினைக் கட்டிக்கொடுத்து வருகிற முதல் கிறிஸ்துமஸ். கேக்கோடு வைன் வைக்காட்டி அவுகளுக்கு முகம் சுண்டிப்போகும்.

எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டுத்தான் செய்றேன். "செய்யி, எனக்கென்ன"ன்னாக. குடியை விட்டு பதினாலு மாசம். நாக்கு நமநமன்னா மெல்லுறதுக்குன்னே இவுக போட்ட பாத்தி அந்தப் புதினா. அதைப் பறிச்சே வைன் போடுறேன். எனக்குப் புத்தி இருக்கா?

டிசம்பர் 4

கண்ணாடி ஜாடியில் பொங்கிப் பொங்கி வருது. வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வச்சேன். சந்தேகம் இல்லை. சும்மா.

சும்மான்னா எதுக்குக் கோடு?

டிசம்பர் 7

கோயிலில் பாஸ்டர் சொன்னது எதுவும் காதில் ஏறலை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினா ஜாடிதான் தெரியுது.

டிசம்பர் 9

கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கு. நாலு விரல்.

டிசம்பர் 10

கேட்டுட்டேன். ஏலக்காய்க் கடையில் வேலை முடிஞ்சு வந்தவரை வாசல்லயே நிறுத்தி, "எங்க, ஊதிக்காட்டுங்க"ன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிஞ்சு ஊதினாக. புதினா வாசம். "வாடையை மறைக்கத்தானே இது?" பதினாலு மாசமா அடக்கி வச்ச பேச்செல்லாம் பேசினேன். எதிர்வீட்டு பஞ்சம்மாள் சன்னல்ல நின்னு கேட்டா. இவுக செருப்பைக்கூடக் கழட்டலை, அப்படியே திரும்பிப் போயிட்டாக.

டிசம்பர் 11

வரலை. கடை குடோன்ல படுத்திருக்காகளாம். இதுவரைக்கும் குடிக்காம இருந்திருந்தாலும், நான் பேசின பேச்சுக்கு இன்னைக்குக் குடிச்சிருப்பாக. என் வாயில மண்ணைப் போட.

டிசம்பர் 12

லிசி சேச்சிக்குப் போன் போட்டு, கோடு போட்ட இடத்திலிருந்து வைன் நாலு விரல் குறைஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னேன். சிரிக்கிறாக. "பொங்கி நிக்கும்போதா அடையாளம் வச்சீங்க? அப்ப இலையும் தோலும் நுரையோட மேல ஏறி நிக்கும். அடங்குனா தன்னால இறங்கும். நாலு விரல் இறங்கத்தான் செய்யும்."

போனை வச்சுட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். பிறகு குடோனுக்கு ஓடினேன். ஏலக்காய் மூட்டை மேல உட்கார்ந்து மென்னுக்கிட்டு இருந்தாக. சட்டைப்பையில் ரெண்டு நாள் வாடின புதினாக் கொத்து. "தப்பு என் மேலதான், வாங்க"ன்னேன். வந்தாக.

டிசம்பர் 26

நேத்து சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனாக. வைன் நல்லாயிருக்குன்னு ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினாக. இவுகதான் ஊத்திக் கொடுத்தாக. தனக்குச் சுக்குக் காப்பி.

எல்லாம் சரிதான். ஆனா அன்னையிலிருந்து தினம் வேலை முடிஞ்சு வந்ததும், என் முன்னாடி குனிஞ்சு ஒரு தடவை ஊதிட்டுத்தான் உள்ள போறாக. நான் கேட்கிறதே இல்லை. வேண்டாங்கன்னு சொல்லியும் பார்த்துட்டேன். இன்னைக்கும் ஊதினாக.

புதினா வாசம்.