பாக்கியம் பிறந்த ஊர்

பதுளை
4 ஜூலை 1924

அன்புள்ள தங்கச்சி பாக்கியலெட்சுமிக்கு,

நீ லண்டனுக்குப் படிக்கப் போவதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

உன் அத்தானுக்குச் சந்தோஷம். நாற்பத்தொரு வயதில் மைத்துனி எம்.ஏ. படிக்கக் கப்பல் ஏறுகிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. என் பி.ஏ. பட்டத்தை அவர் இப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பாஸ்போர்ட் விஷயத்தை இரண்டு முறை படித்தேன். ஜாதகத்தில் நீ பிறந்த ஊர் புதுக்கோட்டை என்று இருக்கிறது. அதனால் நீ ராஜாவின் சமஸ்தானத்தைச் சேர்ந்தவள், பிரிட்டிஷ் பிரஜை அல்ல, காகிதம் அங்கிருந்து மதராஸ் வழியாக வர வேண்டும் என்கிறார்கள். அதற்குள் கப்பல் போய்விடும். படிப்புக்கான உபகாரச் சம்பளமும் இலங்கையில் பிறந்த பெண்ணுக்குத்தான். ஆகவே நீ பதுளையில், உன் அப்பாவும் என் அப்பாவும் சேர்ந்து நடத்திய நம் கடை வீட்டில் பிறந்தாய் என்று நான் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துத் தர வேண்டும். இவ்வளவுதானே?

அப்போது எனக்கு ஏழு வயது, பாக்கியம். ஏழு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. யோசித்து எழுதுகிறேன். கச்சான் மேல்காற்று அடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது.

உன் அக்கா
ராமலட்சுமி


கொழும்பு
9 ஜூலை 1924

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு என் நமஸ்காரம். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். அத்தான் வைத்துத் தரமாட்டார், நீங்களேதான் வைக்க வேண்டும்.

நேற்று மறுபடியும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா நம் ஆள்தான், மதுரைப் பக்கம். நான் என் அம்மாவுக்கு முதல் பிள்ளையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப தாய் வீட்டுலதானே பொறந்திருப்பீங்க? தலைப்பிரசவத்துக்குப் பொண்ண அனுப்பாம யாரு வச்சிருப்பா? இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்தார். வெள்ளைக்காரனாக இருந்தால்கூட நான் சொன்னதைக் கேட்டிருப்பான்.

அம்மா சாவதற்கு முன்பு என்னிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். நிறைமாதம் நெருங்கியும் புதுக்கோட்டையிலிருந்து அழைத்துப் போக ஆள் வரவில்லையாம். கடைசியில் அப்பாவே வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஹல்துமுல்லையில் மண் சரிந்து பாதை போய்விட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பதுளைக்கு வந்ததும் அம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது. பிறந்த வீட்டார் தலைப்பிரசவம் பார்க்கவில்லை என்றால் தாத்தாவின் மானம் போய்விடும் என்று, என்னைக் கைக்குழந்தையாக அங்கே கொண்டுபோய், அங்கேயே பிறந்ததாக ஜாதகம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே பதிவு செய்யவும் இல்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது பெரியப்பா இல்லை, பெரியம்மா இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

லண்டன் குளிருக்குக் கம்பளிக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். சாம்பல் நிறம்.

தங்கள் அன்புத் தங்கை
பாக்கியம்


பதுளை
14 ஜூலை 1924

அன்புள்ள பாக்கியத்துக்கு,

கோட்டின் நிறத்தை நான் கேட்கவில்லை.

நீ எழுதியதெல்லாம் சித்தி சொன்னது. சித்தி சொன்னதை நான் பார்த்ததாக எப்படிச் சத்தியம் செய்வேன்? பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் பார்த்ததாக நினைத்துக்கொள்வார்கள். எதைக் கண்டேன், எதைக் கேட்டேன் என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. அதுவும் தவிர, புதுக்கோட்டையில் உன் மாமா உயிரோடு இருக்கிறார். தன் வீட்டின் பொய் இலங்கைச் சர்க்கார் கச்சேரியில் ஏறியது அவர் காதுக்குப் போனால் எனக்குத்தான் பேச்சு.

ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. நான் மதராஸுக்குப் படிக்கப் போன காலத்தில் பண்டாரவளைவரை மாட்டு வண்டிதான். எலும்பெல்லாம் கழன்றுவிடும். உனக்கு எல்லாம் வாசலுக்கே வருகிறது.

நமுனுகுலத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நல்லம்மா நேற்று வந்திருந்தாள். நீ சீமைக்குப் போகிறாய் என்று தோட்டத்து லயக் குடியிருப்பெல்லாம் பேச்சாம். "ஒங்க தங்கச்சி ரொம்பப் படிச்சவங்களாமே, ஒங்களவிட" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? தேயிலை கொண்டுவந்திருந்தாள், வாங்கி வைத்தேன்.

ராமலட்சுமி


கொழும்பு
19 ஜூலை 1924

அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

நீங்கள் பி.ஏ. முடித்து வந்த வருஷம் உங்களுக்கும் லண்டனில் இடம் கிடைத்தது. பெரியப்பா "ஒரு கடலத் தாண்டுனது போதும்" என்றார். என் அப்பாவும் தலையாட்டினார். எனக்கு அப்போது விவரம் தெரிந்த வயது. கட்டிய பெட்டியைப் பிரித்து நீங்கள் புத்தகங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கியதைக் கதவருகே நின்று பார்த்தேன். நீங்கள் அழவில்லை. அழுதிருந்தால் உள்ளே வந்திருப்பேன்.

இன்றைக்கு நான் போகிறேன். உங்களுக்குப் பொறாமை. படுங்கள் அக்கா, உங்களுக்கு அந்த நியாயம் உண்டு. என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஞாபகமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் படித்த கிளாஸில் யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர் நீங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் காகிதம் கையில் இல்லையென்றால் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நடந்தால், சண்டை போடமாட்டேன். எழுதவும் மாட்டேன்.

பாக்கியம்


பதுளை
24 ஜூலை 1924

பாக்கியத்துக்கு,

அந்தச் சொல்லை இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நீ எழுத்தில் சொல்லிவிட்டாய்.

ஆமாம். உன் கடிதம் வந்த அன்று, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும், கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இதமாகவே இருந்தது. நன்றாகத் தூங்கினேன். அத்தான் கேட்டார், என்ன முகம் தெளிவாக இருக்கிறது என்று.

நீ போய்ப் படித்து வந்தால் எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள். நானும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. இது கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். கப்பலேற்ற என்னைக் கூப்பிடாதே, வரமாட்டேன்.

நாளைக்கு நீதவானிடம் போவேனா என்று இப்போது தெரியவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.


25 ஜூலை

காலையில் போனேன். சமாதான நீதவான் மொஹிதீன் வீட்டு முன்னறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மண் சரிவு, வண்டி திரும்பியது, புதுக்கோட்டை ஜாதகம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் உதவிக்கு வந்து இப்படிச் சொல்லுவது அவருக்குப் புதிதல்ல, அது முகத்திலேயே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படி இவ்வளவு நிச்சயமா ஞாபகம் இருக்கும்?"

யோசித்து வைத்த பதிலை விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு யாரும் எனக்குச் சோறு போடலைங்க," என்றேன். "அதுவரைக்கும் அந்த வீட்டுல நான் ஒருத்திதான் பிள்ளை. பகல் பூரா அரிசி மூட்டை மேல ஒக்காந்திருந்தேன். உள்ள பிள்ளை அழுதுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா கடைய விட்டுட்டு ஓடி வந்தார். என்னையத் தாண்டித்தான் உள்ள போனார்."

அவர் பேனாவை எடுத்தார். சோறு போடாததையும் எழுதினார். படித்துக் காட்டி, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போடச் சொன்னேன். போட்டார். கையெழுத்திட்டேன்.

சத்தியக் கடதாசி பகல் ரயிலில் பதிவுத் தபாலாகப் போனது. வண்டி ஹாலிஎலப் பக்கம் வளைந்து மறையும்வரை மேடையில் நின்றேன்.

ராமலட்சுமி