கனம் பார்த்து வாங்கிய வெட்சூட்

வைகாசி, ஞாயிறு இரவு

கோவளம் கடலில் போட்டிக்காக சர்ஃபிங் பழகும்போது என் மகள் கவிதா இன்று பலகையிலிருந்து மயங்கிச் சரிந்தாள். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்தான் இழுத்துக் கரை சேர்த்தார். அவள் போட்டிருந்த வெட்சூட்டை, உடம்பை ஒட்டிய அந்தத் தடித்த ரப்பர் உடுப்பை, தொட்டதுமே திட்டினார்: "இது குளிர் நாட்டுக் கடலுக்குப் போடறதும்மா. நம்ம தண்ணி வெதுவெதுன்னு இருக்குது, உள்ளயே வெந்துடுவா. மெல்லிசா ஒரு சட்டை போதும். யாரு வாங்கினது?"

நான்தான். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் பிள்ளையார்பாளையத்துக்காரி அல்லவா? சென்னைக் கடையில் இதையும் பட்டுப்புடவை பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தேய்த்து, கையில் தூக்கிப் பார்த்து, கனமானதுதான் உசத்தி என்று எடுத்தேன். "ஏம்மா, நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?" என்று அவள் அப்போதே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மயங்கியதை மட்டும் கேட்டு அவள் அப்பா கத்தினார்: "கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலைல போன் பண்ணி போட்டியிலேர்ந்து பேரை எடுக்கச் சொல்றேன்." கவிதா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவர் போனை எடுப்பதற்குள் சொல்லியாக வேண்டும். "பொண்ணு மயங்கினது கடலால இல்லைங்க, என்னால." நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் சத்தம் வரவில்லை.