ஏலம் போன பாசித்தூள்

கங்காதர நெல்லூர்

அன்புள்ள மகன் இஸ்ரேலுக்கு அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நைனா, தங்கச்சி பிளெஸ்ஸி, நான் மூவரும் சுகம். மாடும் சுகம், நீ முதலில் கேட்பது அதைத்தானே. டென்மார்க்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பிளெஸ்ஸி படம் எடுத்து அனுப்புவாள்.

உன் கம்பெனியில் கடல்பாசியில் செய்த தூளை ஒரு டப்பா அனுப்பினாய், தீவனத்தில் கலந்து போட்டால் மாட்டு ஏப்பத்தில் வரும் மீத்தேன் வாயு குறையும், உலகம் சூடாகாது என்றாய். நம் ஒற்றை மாடு விடும் ஏப்பத்தில் உலகமே வேகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பால் கறந்திருக்கிறேன், பாவி. நீ ஏறி இறங்கும் விமானம் என்ன விடுகிறது என்று நான் கேட்கவில்லை. போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய், பிளெஸ்ஸி அனுப்பிய வீடியோவில் பார்த்தாலே ஏப்பம் பாதியாகக் குறைந்தது தெரிகிறது, பாலும் கூடியிருக்கிறது, வியாழக்கிழமை பெரிய அதிகாரிகளுக்கு நம் மாட்டைத்தான் காட்டப்போகிறேன் என்று. அதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் மாடு அந்தத் தூளை நாக்கால்கூடத் தொட்டதில்லை.

உன் நைனாவின் பக்தியைக் கேள். மகன் வேலையில் வந்த முதல் பொருள், அது ஆண்டவருக்கு முதற்பலன் என்று டப்பாவை அப்படியே சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு எடுத்துப்போய்ப் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் காணிக்கையாக வைத்துவிட்டார். மாட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்றேன், முதற்பலனில் கிள்ளி எடுப்பதா என்று என்னை முறைத்தார். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விடும்போது நாமே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பக்கத்துக் கழனி ஜீவரத்தினம் விடுவானா, வெளிநாட்டுச் சரக்கு என்று ஏற்றி ஏற்றிக் கேட்டு எடுத்துக்கொண்டு போய், உரம் என்று நினைத்துத் தக்காளிக்குப் போட்டுவிட்டான். இப்போது அவன் தக்காளி ஏப்பம் விடுகிறதா என்று நீதான் ஆராய்ச்சி செய்ய வேண்டும். பால் கூடியது இந்த முறை நன்றாகக் கிடைத்த வேர்க்கடலைக் கொடியால். நீ கேட்டபோதெல்லாம் நைனா போட்டேன் போட்டேன் என்றார். சண்டை போட்டேன், "புள்ள சந்தோஷமாக் கீறான், நீ ஏன் கெடுக்கிற" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அவர் பாசத்தில் சொன்ன பொய் ஒரு பக்கம், நீ படித்தவன், குறையாத ஏப்பத்தைக் குறைந்ததாகப் பார்த்தாயே. வியாழக்கிழமை அந்த வீடியோவைக் காட்டாதே, நடந்ததைச் சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதனால் வேலை போனால் வீட்டுக்கு வா, நான் சோறு போடுகிறேன். மறைத்துப் பேர் வாங்கினால் கிறிஸ்மஸுக்கு இந்தப் பக்கம் வராதே.

ஆண்டவர் உன் நாவைக் காக்கட்டும். ஜெபம் பண்ணாமல் படுக்காதே. நைனாவைத் திட்டாதே, அது என் வேலை.

உன் அம்மா
எப்சிபா