கோடு போட்ட சட்டைக்காரர் என் அண்ணன் அல்ல

அனுப்புநர்:
ம. பெஞ்சமின் (வயது 49),
த/பெ. மத்தேயு (மறைவு),
வேன் ஓட்டுநர்,
மாதா கோவில் பின்தெரு, படூர்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
காவல் புதுத் தொழில்நுட்ப ஆய்வு மையம்,
பழைய மாமல்லபுரம் சாலை,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: 1998-இல் காணாமல் போன என் அண்ணன் ஏசுபாதம் கிடைத்துவிட்டதாகத் தங்கள் கணினி முடித்துவைத்த புகாரை மீண்டும் திறந்து, அவரைத் தேட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் அக்காள் சாராளின் செல்போனுக்குத் தங்கள் மையத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். என் மேல் எந்த வழக்கும் கிடையாது. தங்கள் மையம் காவல்துறைக்குப் புதுப்புதுக் கருவிகளைச் செய்து பழக்கும் இடம் என்பதை அறிவேன். அங்கே வேலை செய்யும் இருவரைத் தினமும் வாசலில் இறக்கிவிடுபவனும் நான்தான். ஆகவே இந்த மனுவை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது, அது வேறு.

2. தங்கள் கட்டடம் நிற்கும் இடம் முன்பு சவுக்குத் தோப்பு. என் அண்ணன் அங்கேதான் லாரிக்குச் சவுக்குக் கட்டை ஏற்றுவார். ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், இனி லாரியை ஓட்டத்தான் போகிறேன் என்று முடிவு செய்தார். லைசென்ஸ் விஷயமாகச் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறேன் என்று ஒருநாள் காலையில் கிளம்பியவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 27. அக்காள் சாராள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். 'நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்' என்று அதில் எழுதி, எங்களிடம் இருந்த ஒரே புகைப்படத்தையும் இணைத்தோம்.

3. சென்ற மாதம் அக்காளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் புகாரில் கண்ட நபர் கண்டறியப்பட்டார், நேரில் வரவும் என்று இருந்தது. அக்காள் கல்லூரி விடுதியில் சமையல் வேலை செய்பவர். அன்று லீவு போட்டுவிட்டு, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று நெத்திலி வறுத்து டப்பாவில் எடுத்துக்கொண்டார். பேண்டில் இருப்பாரோ வேட்டியில் இருப்பாரோ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். தங்கள் வாசலில் அந்த டப்பாவையும் இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தார்கள்.

4. உள்ளே ஜெனிஃபர் என்ற தங்கள் பெண் அலுவலர் எங்களை மரியாதையாக உட்காரவைத்துத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். கேளம்பாக்கம் சிக்னல் அருகில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அது நான். பழைய புகைப்படத்தில் இருந்த முகத்துக்குக் கணினியே வயதைக் கூட்டி, சாலை கேமராக்களில் தேடிப் பிடித்ததாம். பொருத்தம் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றார். நூறு சதவீதமும் நானேதான் என்றேன். அக்காள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5. பிறகு அந்தப் பழைய புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இருபத்தேழு வருடம் கழித்துப் பார்க்கிறேன், ஐயா. அதில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் கோடு போட்ட சட்டை, இன்னொருவர் பனியனும் தோளில் துண்டும். புகாரில் கோடு போட்ட சட்டை என்று இருப்பதால், தங்கள் அலுவலர்கள் சட்டைக்காரரின் முகத்தைக் கணினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சட்டைக்காரன் நான்.

6. விளக்கம் வருமாறு: அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்களுக்கும் சேர்த்து நல்ல சட்டை ஒன்றுதான். யார் வெளியே போகிறாரோ அவர் போட்டுக்கொள்வார். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனபோது இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பிவிட்டோம். சட்டை யாருக்கு என்ற பேச்சே வரவில்லை. அண்ணன் அதை என் தலையில் மாட்டி இழுத்துவிட்டு, பனியனோடு பஸ் ஏறினார். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவது போல எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையை உயர்த்திப் பாறையைத் தாங்கினேன். அண்ணன் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் அவர் முகம் பக்கவாட்டில்தான் விழுந்திருக்கிறது. வரும் வழியில் தேங்காய் மாங்காய் சுண்டல் வாங்கி, உப்புக் காற்றில் கடலோரமாகவே நடந்தோம். இப்போது அந்தப் பக்கம் வேன் ஓட்டும்போதெல்லாம் அந்தச் சுண்டல் வாசனை வரும். உண்மையில் வருவதில்லை, எனக்கு வரும்.

7. அன்றைக்குப் புகாரை வாங்கிய ஏட்டு, அண்ணனோடு கைப்பந்து விளையாடியவர். படத்தில் ஏசுபாதம் யார் என்று அவருக்கு எவரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் படத்தில் ஒரு குறிகூட இல்லை. ஆகவே இதில் தங்கள் மையத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. கொடுத்த முகத்தைக் கணினி சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது.

8. என் குறை இதற்குப் பிறகு நடந்தது. ஆள் கிடைத்துவிட்டதாகப் பதிவாகிவிட்டதால் புகார் தானாகவே முடிந்துவிட்டது. காவல் நிலையத்தில் கேட்டால், கணினியில் முடிந்ததை நாங்கள் திறக்க முடியாது, மையத்தில் கேளுங்கள் என்கிறார்கள். மையத்தில் கேட்டால், நிலையத்திலிருந்து கடிதம் வேண்டும் என்கிறார்கள். இத்தனை வருடம் யாரும் தேடினார்களோ இல்லையோ, தேடப்படுபவர் பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காள் அந்த நெத்திலியை எனக்கே போட்டார். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "உன்ன தெனிக்கும் பாத்துகினுதானடா கீறேன். அண்ணன் எங்கன்னு கேளு." அதைக் கேட்கத்தான் இந்த மனு.

9. ஆகவே, 'கண்டறியப்பட்டார்' என்ற பதிவை நீக்கி, புகாரைத் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். பனியன் அணிந்தவரின் முகத்தைக் கணினிக்குக் கொடுக்க வேண்டுகிறேன். பக்கவாட்டு முகம் போதாது என்றால், சாயலுக்கு அக்காளையும் என்னையும் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வயது கூட்டிய அண்ணனின் முகத்தில் ஒரு பிரதி அக்காளுக்குக் கிடைத்தால் நல்லது. 54 வயதில் அவர் எப்படி இருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது. தெருவில் எதிரே வந்தாலும் நாங்களே விட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

10. என்னை இவ்வளவு அக்கறையாகத் தேடிக் கண்டுபிடித்ததற்கு நன்றி. ஆனால் நான் காணாமல் போகவில்லை, ஐயா. இருந்த ஒரே சட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றவர்தான் காணாமல் போனவர். தயவுசெய்து அவரைத் தேடுங்கள்.

இடம்: படூர்
நாள்: 14.11.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ம. பெஞ்சமின்
(ஏசுபாதத்தின் தம்பி)

இணைப்பு: புகைப்பட நகல் ஒன்று. இடப்பக்கம் பனியனோடு நிற்பவரே என் அண்ணன், வட்டமிட்டுள்ளேன்.