பதினெட்டு மீன்கள்

பேர்கன், நோர்வே
5 ஒக்டோபர் 2024

அன்பு அத்தானுக்கு,

நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஆய்வேட்டை நவம்பர் கடைசியில் கொடுத்துவிடுவேன். தைப்பொங்கலுக்கு மஹய்யாவ வீட்டில் இருப்பேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கடுகண்ணாவ ஓடையில் பிடித்து, அங்கே நம் ஆய்வுகூடத்தில் நீங்கள் நீந்தவிட்ட மீன்களில் கடைசிப் பதினெட்டும் சீக்கிரமே களைத்திருக்கின்றன. சும்மா இருக்கும்போதே அதிக ஒட்சிசன் எடுத்திருக்கின்றன. "நோயோ?" என்கிறார் பேராசிரியர். நீரோட்டக் குழாயில் விட்டதும், வேகத்தைக் கூட்டி அளக்கும் முன் ஓர் இரவு ஓய்வு கொடுத்தீர்கள்தானே?

இதைக் கேட்டாலே போனில் பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள்
கிருஷாந்தி

மஹய்யாவ, கண்டி
27 ஒக்டோபர் 2024

என் கிருஷா,

கொடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம்தான் கொடுத்தேன்.

இரவு ஓய்வு கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு மீன்தான். நான் மூன்று செய்தேன். ஓகஸ்டிலேயே முடித்து அனுப்பினால் நீ தைக்கு வந்துவிடுவாய் என்ற அவசரம். கூட வேலைசெய்யும் லெட்சுமணன் அன்றே சொன்னான்: "வலையில மாட்டுன பதட்டமே அடங்கல. அதுக்குள்ள தண்ணிய வேகமா விட்டா மீனு என்னடா செய்யும்?" நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்ததும், தொட்டியில் மிச்சமிருந்த ஐந்து மீன்களை ஒவ்வொன்றாக இரவு முழுக்க மெதுவான தண்ணீரில் விட்டு, விடிந்தபின் அளந்தேன். ஒட்சிசன் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இன்னும் வேகமான தண்ணீரிலும் நீந்தின. மீன்களில் ஒரு குறையும் இல்லை.

இதை எழுதாமல் விட்டால் நீ தைக்கு வந்துவிடுவாய். நேற்றும் அம்மா, "மருமக வர்றதுக்குள்ள உங்க அறைக்கு வெள்ளை அடிச்சிருவமா?" என்று கேட்டார். மூன்று நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

யுகேஷ்

பேர்கன்
14 நவம்பர் 2024

அத்தான்,

கடிதத்தை நூலகப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். வந்த கோபத்தில் இரண்டு நாள் உங்கள் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டையும் நீக்கிவிட்டு, அதே ஓடையில், அதே பருவத்தில் புதிதாகப் பிடித்துச் செய்யவேண்டுமாம். அப்படியென்றால் அடுத்த ஓகஸ்ட். பயணச்சீட்டை ரத்துச் செய்துவிட்டேன். அத்தையிடம் நானே பேசுகிறேன்.

நீங்கள் மறைத்திருந்தால், பொங்கலன்று உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேன். ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்துத்தான் அழுதேன். அதற்குப் பிறகு கோபம் வரவில்லை, உங்களைப் பார்க்கவேண்டும் என்றுதான் இருந்தது.

"இந்த முறை வேறு யாரையாவது வைத்துச் செய்யலாமா?" என்று பேராசிரியர் கேட்டார்.

வேண்டாம், என் கணவரே செய்யட்டும் என்றேன்.

உங்கள் கிருஷா